ஜெர்மன் சாப்பாட்டுச் சொற்கள் ஏன் மனதில் நிற்பதில்லை?

வந்த கேள்வி இது: "செவிலியர் வேலைக்காக ஜெர்மன் படிக்கிறேன். ஏ1 என்னும் தொடக்கநிலை வகுப்பில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. உணவு, பானம் பற்றிய பாடத்தில் நூறு சொற்களுக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். இரவில் மனப்பாடம் செய்தால் காலையில் பாதி மறந்துவிடுகிறது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டேர், டீ, டாஸ் எது எதற்கு என்பதும் குழம்புகிறது. வினைச்சொற்களை எப்போது படிப்பது? எதிலிருந்து தொடங்குவது?"

உங்கள் ஞாபகசக்தியில் குறையில்லை. ஆப்பிள், வெங்காயம், வெண்ணெய், கரண்டி என்று நூறு பெயர்களை வரிசையாக எழுதிவைத்துப் படித்தால் யாருக்கும் நிற்காது. ஒரு பெயர்ச்சொல்லை நாம் தனியாகச் சொல்வதே அபூர்வம். ஒன்றைக் குடிக்கிறோம், ஒன்றை வெட்டுகிறோம், ஒன்றை வேண்டாம் என்கிறோம். அதனால் நான் சொல்லிக்கொடுக்கும்போது பட்டியலை மூடிவைக்கச் சொல்லிவிட்டு ஆறேழு வினைகளிலிருந்துதான் தொடங்குவேன். பெயர்கள் அந்த வினைகளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இன்னொன்றும் உண்டு. நம் வகுப்புகளில் ஜெர்மனை ஆங்கிலம் வழியாகவே நடத்துகிறார்கள். சாப்பாட்டுப் பாடத்தில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் பல இடங்களில் ஜெர்மனுக்குக் கிட்ட இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் பதினொரு வருடமாக இருக்கிறேன். புதிதாக வரும் நம் ஊர்க்காரர்களுக்குச் சனிக்கிழமைகளில் பாடம் எடுக்கிறேன். இங்கே ஜெர்மன் சொற்களின் ஒலியைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஸ்பெல்லிங்கைப் புத்தகத்தில் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். தலையில் இரண்டு புள்ளி வைத்த ஓ எழுத்தை எ, ஏ என்றும், இரண்டு புள்ளி வைத்த யூ எழுத்தை இ, ஈ என்றும் எழுதியிருக்கிறேன். வாயை ஊதுவதுபோலக் குவித்துக்கொண்டு எ, இ சொன்னால் சரியான ஒலி வந்துவிடும்.

முதல் வினை எஸ்ஸென், சாப்பிடுவது. இஷ் எஸ்ஸெ, டூ இஸ்ட், ஏர் இஸ்ட், வீர் எஸ்ஸென், ஈர் எஸ்ட், ஸீ எஸ்ஸென். நான், நாங்கள், நீங்கள் என்றால் எ. நீ, அவன், அவள் என்று வரும்போது மட்டும் இ. தமிழில் வா என்பது வருகிறான், வந்தான் என்று உருமாறுவதில்லையா, அப்படித்தான். எதிரில் சாப்பாடு இல்லாமல் "ஏர் இஸ்ட்" என்று யாராவது சொன்னால் 'அவன் இருக்கிறான்' என்பதற்கும் அதே ஒலிதான் என்பதை நினைவில் வையுங்கள். எழுத்தில்தான் வேறுபாடு, காதுக்கு இல்லை. இரண்டாவது ட்ரிங்கென், குடிப்பது. இது சாதுவான வினை: ட்ரிங்கெ, ட்ரிங்க்ஸ்ட், ட்ரிங்க்ட். எந்த வளைவும் இல்லை.

இந்த இரண்டையும் எங்கே போடுவது என்பதில்தான் தமிழ் பேசுகிறவர்கள் தடுக்கி விழுகிறோம். வீட்டுக்கு வந்தவரிடம் "காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்பது நமக்கு மரியாதை. அதையே ஜெர்மனில் எஸ்ஸென் போட்டுக் கேட்டால் காபித்தூளைத் தின்னச் சொன்னதுபோல் இருக்கும். திரவம் என்றால் ட்ரிங்கென்தான். சூப் மட்டும் இதற்கு நேரெதிர். நாம் சூப் குடிக்கிறோம், அவர்கள் சூப் சாப்பிடுகிறார்கள்: "இஷ் எஸ்ஸெ ஐனெ ஸுப்பெ." ஸ்பூன் பிடித்தால் அது எஸ்ஸென். சிகரெட் 'குடிப்பது' அங்கே இல்லை, அதற்கு ரௌஹென், புகைப்பது என்று தனி வினை.

உங்கள் வேலைக்கு மிகவும் வேண்டியது மாத்திரை. நாம் "மாத்திரை சாப்பிட்டாச்சா?" என்போம். ஜெர்மனில் மாத்திரையை எடுத்துக்கொள்வார்கள்: நேமென். "ஹாபென் ஸீ ஈரெ டாப்லெட்டென் கெனொம்மென்?" உங்கள் மாத்திரைகளை எடுத்துக்கொண்டீர்களா? இந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்கே வாய்க்குப் பழக்கிவிடுங்கள், தினமும் பத்துப் படுக்கைக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஃப்ரெஸ்ஸென் என்றும் ஒரு வினை உண்டு. மாடு, நாய், பூனை சாப்பிடுவது. தமிழில் 'தின்' என்பதற்கு இருக்கும் அதே எடை அதற்கும் உண்டு, விலங்குக்குச் சொன்னால் இயல்பு, மனிதருக்குச் சொன்னால் வசவு. படித்து வையுங்கள், ஆளைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.

மூன்றாவது நேமென். இஷ் நேமெ, டூ நிம்ஸ்ட், ஏர் நிம்ட். உணவகத்தில் மெனுவைப் பார்த்து "இஷ் நேமெ டீ கார்டொஃபெல்ஸுப்பெ" என்றால் 'உருளைக்கிழங்கு சூப் எடுத்துக்கொள்கிறேன்'. நான்காவது மெஷ்டெ, வேண்டும் என்று பணிவாகச் சொல்வது. இஷ் மெஷ்டெ, டூ மெஷ்டெஸ்ட், ஏர் மெஷ்டெ. அவன், அவளுக்கு வழக்கமாக வால்போல வரும் ட் இதில் வராது, பரீட்சையில் பலர் இழக்கும் மதிப்பெண் இது. 'இஷ் வில்' என்று ஒன்றைப் பார்ப்பீர்கள், அதுவும் வேண்டும் என்பதுதான். ஆனால் கடையில் அதைச் சொன்னால் குழந்தை அடம்பிடிப்பதுபோலக் கேட்கும். மெஷ்டெயைவிட இன்னும் நயமானது "இஷ் ஹெட்டெ கெர்ன்", கிடைத்தால் நன்றாக இருக்கும் என்கிற தொனி. இலக்கண விளக்கம் பி1 நிலை வரும்போது பார்க்கலாம், இப்போது அப்படியே முழுசாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பேக்கரியை எடுத்துக்கொள்வோம், ஜெர்மன் வாழ்க்கை அங்கேதான் தொடங்குகிறது. காலை ஏழு மணி, முன்னால் நாலு பேர். உங்கள் முறை வந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் அம்மா ஒரே மூச்சில் "வஸ்டார்ஃப்ஸைன்?" என்பார். அது "வஸ் டார்ஃப்ஸ் ஸைன்?", என்ன வேண்டும் என்று அர்த்தம். நீங்கள்: "இஷ் ஹெட்டெ கெர்ன் ட்ஸ்வை ப்ரேட்ஸெல்ன் உன்ட் ஐன் ரொகென்ப்ரோட், கெஷ்னிட்டென், பிட்டெ." இரண்டு ப்ரேட்ஸெல் (முடிச்சுப்போட்ட ரொட்டி), ஒரு கம்பு ரொட்டி, வெட்டித் தாருங்கள். அந்தக் கம்பு நம் ஊர்க் கம்பு அல்ல. ரை என்று சொல்கிறார்களே, அந்தத் தானியம். அவர் ரொட்டியை இயந்திரத்தில் வைப்பார், அது சீராக வில்லை வில்லையாக வெட்டிப் போடும். உறையில் போட்டுக்கொண்டே "ஸொன்ஸ்ட் நொஹ் எட்வஸ்?", வேறு ஏதாவது? நீங்கள்: "நைன், டாஸ் வார்ஸ்." அவ்வளவுதான். முதல் வாரம் அறுபது உணவுப் பெயர்களைக் கரைத்துக் குடித்துவிட்டு அந்தக் கடைக்குப் போனேன். ரொட்டியின் பெயர் தெரிந்திருந்தது, ஆனால் 'வேறு ஏதாவது' புரியாமல் அப்படியே நின்றேன். அன்றிலிருந்துதான் சொல்லைத் தனியாகப் படிப்பதை விட்டேன்.

சரி, இப்போது டேர், டீ, டாஸ். பெயர்ச்சொல் ஆண்பாலா, பெண்பாலா, இரண்டும் இல்லையா என்று காட்டும் சுட்டுகள் இவை. முதலில் ஒலி. 'டீ' என்று கேட்டதும் தேநீர் நினைவு வரக்கூடாது. அது பெண்பால் சுட்டு. தேநீருக்கு ஜெர்மனில் 'டே', அதுவோ ஆண்பால்: டேர் டே. காபியும் ஆண்பால், டேர் கஃபே. முன்னசையை அழுத்திச் சொன்னால் பானம், பின்னசையை அழுத்தினால் அது காபிக் கடை, அப்போது டாஸ் கஃபே. முட்டைக்கான சொல் நமக்கு ரொம்பச் சுலபம், ஓரெழுத்து: ஐ. டாஸ் ஐ. பன்மை ஐயெர்.

நமக்கு உயிரில்லாதது எல்லாமே அஃறிணை, ஒரே 'அது'. ஆப்பிள் ஆண், தக்காளி பெண், ரொட்டி இரண்டும் இல்லை என்பதற்குக் காரணம் தேடாதீர்கள். ஆனால் சாப்பாட்டுச் சொற்களில் கொஞ்சம் ஒழுங்கு இருக்கிறது. எ என்று முடிவது பெரும்பாலும் பெண்பால்: டீ டொமாடெ, டீ பனானெ, டீ ஸுப்பெ, டீ ஸானெ (பாலேடு). பாலாடைக்கட்டி மட்டும் விலகி நிற்கும், டேர் கேஸெ. பழங்களில் பெரும்பகுதி பெண்பால்; அப்ஃபெலும் (ஆப்பிள்) ஃபிர்ஸிஷும் (பீச்) ஆண்பால். மதுவகைகள் பொதுவாக ஆண்பால், டேர் வைன், டேர் ஷ்னப்ஸ். பீர் மட்டும் டாஸ் பீர். 'ஷென்' என்று முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு டாஸ் போடலாம்: காலை உணவின் சின்ன ரொட்டி டாஸ் ப்ரேட்ஷென், கோழி டாஸ் ஹேன்ஷென்.

கூட்டுச் சொல்லில் கடைசிச் சொல்தான் பாலைத் தீர்மானிக்கும். இதற்கு உருளைக்கிழங்கைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. டீ கார்டொஃபெல், உருளைக்கிழங்கு, பெண்பால். அதோடு ஸலாட் சேர்ந்தால் டேர் கார்டொஃபெல்ஸலாட். ஸுப்பெ சேர்ந்தால் டீ கார்டொஃபெல்ஸுப்பெ. மசித்தால் டாஸ் கார்டொஃபெல்பிரே. ஒரே கிழங்கு மூன்று பாலிலும் வந்துவிட்டது. நாமும் வாழைப்பழம் என்றால் பழத்தைத்தானே சொல்கிறோம், வாழையை இல்லையே? நீளமான ஜெர்மன் சொல்லைக் கண்டால் பயப்படாமல் வாலிலிருந்து படியுங்கள்.

பால் ஏன் தெரிய வேண்டும் என்பது வினையோடு சேரும்போதுதான் விளங்கும். நம் இரண்டாம் வேற்றுமை, அந்த ஐ உருபு, ஜெர்மனிலும் இருக்கிறது. 'காபி சூடாக இருக்கிறது', 'காபியைக் குடிக்கிறேன்'. நாம் சொல்லின் வாலில் மாற்றுகிறோம், அவர்கள் தலையில் மாற்றுகிறார்கள்: "டேர் கஃபே இஸ்ட் ஹைஸ்", "இஷ் ட்ரிங்கெ டேன் கஃபே". 'ஒரு காபி' என்றால் ஐனென் கஃபே. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு இது புதிதாகவும் கடினமாகவும் தெரியும். உங்களுக்கு இது பள்ளியில் படித்ததுதான். ஒரே எச்சரிக்கை. 'காபி குடித்தேன்' என்று உருபை மறைத்து நாம் சொல்லலாம், வேற்றுமைத் தொகை. ஜெர்மனில் ஆண்பால் சொல்லுக்கு முன்னால் சுட்டு வந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

ஆறுதலான செய்தி, ஒருமையில் ஆண்பால் மட்டும்தான் இப்படி மாறும். டீயும் டாஸும் அப்படியே நிற்கும். அப்படியென்றால் முதலில் கெட்டிப்படுத்த வேண்டியது ஆண்பால் சொற்களைத்தான். கஃபே, டே, ஸஃப்ட் (பழச்சாறு), வைன், அப்ஃபெல், கேஸெ, ஃபிஷ் (மீன்), ரைஸ் (அரிசி, சோறு இரண்டுக்கும்), ஸலாட், கூஹென் (கேக்), யோகுர்ட், ட்ஸுக்கெர் (சர்க்கரை). இந்தப் பன்னிரண்டையும் பச்சை மையில் எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு வினையோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள்: இஷ் எஸ்ஸெ டேன் அப்ஃபெல், இஷ் ட்ரிங்கெ டேன் ஸஃப்ட். டேர் அப்ஃபெல் என்று மட்டும் படித்துவிட்டுப் பிறகு டேன் போடப் பழகுவதைவிட, முதல்நாளே டேன் அப்ஃபெலைச் சாப்பிட்டுவிடுவது நல்லது.

நான்காம் வேற்றுமையில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஷ்மெக்கென் என்றால் ருசிப்பது. "டாஸ் ஷ்மெக்ட் மீர்." அந்த 'மீர்' அப்படியே நம் 'எனக்கு'. 'இது எனக்கு ருசிக்கிறது'. ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'நான்' என்று தொடங்கித்தான் இதைச் சொல்வார்கள். தமிழில் 'எனக்குப் பிடிக்கும்' என்று சொல்லும் மனம் இதைச் சிரமமில்லாமல் பிடித்துக்கொள்ளும். நோயாளியிடம் "ஷ்மெக்ட் எஸ் ஈனென்?" என்று கேட்டால் 'உங்களுக்கு ருசியாக இருக்கிறதா?'. ஆனால் பசியில் தமிழை நம்பக்கூடாது. நமக்குப் பசிக்கிறது, அவர்களிடம் பசி இருக்கிறது: "இஷ் ஹாபெ ஹுங்கெர்", தாகத்துக்கு "இஷ் ஹாபெ டுர்ஸ்ட்".

வாக்கியத்தின் ஒழுங்கிலும் தமிழ் கைகொடுக்கும். மெஷ்டெ வந்தால் முதன்மை வினை கடைசிக்குப் போய்விடும்: "இஷ் மெஷ்டெ ஐன் க்ளாஸ் வஸ்ஸெர் ட்ரிங்கென்." நான் வேண்டுகிறேன், ஒரு கிளாஸ் தண்ணீர் குடிக்க. அதிலும் 'ஐன் க்ளாஸ் வஸ்ஸெர்' என்பதைப் பாருங்கள், ஒரு கிளாஸ் தண்ணீர், நடுவில் எதுவுமே இல்லை. ஐனெ டஸ்ஸெ டே, ஒரு கப் டீ. ட்ஸ்வை கீலோ கார்டொஃபெல்ன், இரண்டு கிலோ உருளைக்கிழங்கு. நம்மைப்போலவே கிலோவுக்குப் பன்மை கிடையாது. சந்தையில் 'ஐன் ப்ஃபுன்ட்' என்று கேட்டால் அரைக் கிலோ தருவார்கள், ஜெர்மனியில் பேச்சுவழக்கில் ஒரு ப்ஃபுன்ட் என்பது 500 கிராம்.

இறந்தகாலத்திலும் வினை கடைசிதான்: "இஷ் ஹாபெ ரைஸ் கெகெஸ்ஸென்", "இஷ் ஹாபெ மில்ஷ் கெட்ருங்கென்". சோறு சாப்பிட்டேன், பால் குடித்தேன். கெகெஸ்ஸென் என்பதில் 'கெ' இரண்டு முறை வருவதை வாய்க்குப் பழக்க வேண்டும், ஒன்றை விழுங்கிவிடுவார்கள்.

உங்கள் வேலையிடத்தின் சொற்களைப் புத்தகம் தராது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நோயாளிக்கு மூன்று வேளை: ஃப்ரீஷ்டிக், மிட்டாக்எஸ்ஸென், ஆபென்ட்ப்ரோட். கடைசியின் நேர்ப்பொருள் 'மாலை ரொட்டி'. பெயர் சொல்வதுபோலத்தான், ரொட்டி, வெண்ணெய், கேஸெ, வுர்ஸ்ட் (சாசேஜ்), கூடவே ஊறுகாய் வெள்ளரி. பல குடும்பங்களில் சூடான சாப்பாடு மதியம் ஒருவேளைதான், மருத்துவமனையிலும் அப்படியே. அங்கே ஆபென்ட்ப்ரோட் பெரும்பாலும் மாலை ஐந்தரை வாக்கில் வந்துவிடும். நம் கண்ணுக்கு 'பாவம், ஆறிப்போன ரொட்டியைக் கொடுக்கிறார்கள்' என்று தோன்றும். அவர்களுக்கு அது வீட்டு நினைவு. ஜெர்மன் ரொட்டிக் கலாசாரத்தை 2014இல் அந்த நாட்டின் தேசிய மரபுப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஒரு பாட்டி ரொட்டியில் வெண்ணெயை ஓரம்வரை ஒரே கனமாகத் தடவுவதைப் பார்த்திருக்கிறேன், நம் பாட்டி இலையில் சோற்றைப் பிசைகிற அதே நிதானம்.

உணவுமுறைக்கு அங்கே டீ கொஸ்ட் என்பார்கள். எல்லாம் சாப்பிடலாம் என்றால் ஃபொல்கொஸ்ட், வயிற்றுக்கு இதமாக என்றால் ஷோன்கொஸ்ட். ஷோனென் என்றால் நோகாமல் பார்த்துக்கொள்வது. கோப்பையைச் சரியாகப் பிடிக்க முடியாதவர்களுக்கு மூக்கு வைத்த மூடியோடு ஒரு கோப்பை கொடுப்பார்கள், அதன் பெயர் ஷ்னாபெல்டஸ்ஸெ. ஷ்னாபெல் என்றால் பறவையின் அலகு. அலகுக் கோப்பை! ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்கவே முடியாத சொல். அறுவை சிகிச்சைக்கு முன் வெறும் வயிற்றில் இருப்பது நிஷ்டெர்ன். "ஸீ மிஸ்ஸென் நிஷ்டெர்ன் ப்லைபென்", நீங்கள் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். மது அருந்தாமல் தெளிவாக இருப்பதற்கும் இதே சொல்தான்.

அதோடு தொடர்புடைய ஒரு பிழை. 'வயிறு நிறைந்துவிட்டது' என்பதற்கு "இஷ் பின் ஸட்". ஆங்கிலத்தை மனதில் வைத்து "இஷ் பின் ஃபொல்" என்று சொல்லிவிடுவார்கள். பேச்சுவழக்கில் அதைக் 'குடித்து நிறைந்திருக்கிறேன்' என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். ஸட் என்பதைக் குறிலாகச் சொல்லுங்கள், நீட்டினால் ஸாட், விதைப்பு என்று வேறு சொல்லாகிவிடும். குறில் நெடில் பேதம் நமக்குப் பால்பாடம், இதில் மற்ற மொழிக்காரர்களைவிட நமக்குச் சாதகம் அதிகம்.

இன்னும் முக்கியமானது 'டங்கெ', நன்றி. என் முதல் குளிர்காலத்தில் வீட்டுக்கார அம்மா ப்ளம் கேக் சுட்டு அழைத்திருந்தார். ஒரு துண்டு முடிந்ததும் தட்டை நீட்டி "நொஹ் ஐன் ஷ்டிக்?" என்றார், இன்னொரு துண்டு? நான் சிரித்தபடி "டங்கெ" என்றேன். அவரும் சிரித்தபடி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏதாவது வேண்டுமா என்று கேட்கும்போது வெறும் டங்கெ சொன்னால் 'வேண்டாம், நன்றி' என்று பொருள். வேண்டுமென்றால் "யா, பிட்டெ" அல்லது "யா, கெர்ன்". இதை மருத்துவமனையில் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் தேநீர் என்று நீங்கள் கேட்டு, நோயாளி டங்கெ என்றால் ஊற்றாதீர்கள், போதும் என்கிறார்.

வேண்டாம் என்பதற்கு கைன். இஷ் எஸ்ஸெ கைன் ஃப்லைஷ் (இறைச்சி), கைனென் ஃபிஷ், கைனெ ஐயெர். நீங்கள் சைவம் என்றால் 'கைன் ஃப்லைஷ்' மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சூப்பிலும் உருளைக்கிழங்கிலும் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் கிடக்கலாம், அதற்கு ஷ்பெக் என்று தனிப்பெயர். "இஸ்ட் டா ஷ்பெக் ட்ரின்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெகெடாரிஷ் என்ற சொல்லில் முட்டை அடங்கும், நம் 'சைவம்' போல அல்ல. தண்ணீரிலும் கவனம். உணவகத்தில் வெறுமனே வஸ்ஸெர் என்று கேட்டால் பெரும்பாலும் சோடா நுரைக்கும் பாட்டில்தான் வரும், காசும் உண்டு. சாதாரணத் தண்ணீர் வேண்டுமென்றால் "ஷ்டிலெஸ் வஸ்ஸெர்" என்று சொல்லுங்கள்.

சமையல் வினைகளில் நம் மொழி பணக்கார மொழி என்பதை ஜெர்மன் படிக்கும்போதுதான் உணர்ந்தேன். கொஹென் என்பது சமைப்பதும் கொதிப்பதும். ப்ராடென் என்பது வாணலியில் செய்யும் பலவற்றுக்கும்: வதக்குவது, மீன் வறுப்பது, முட்டை பொரிப்பது. எண்ணெயில் மூழ்கவிட்டுப் பொரித்தால் ஃப்ரிட்டீரென். வெறும் சட்டியில் மல்லி, மிளகாய் வறுப்பது ரெஸ்டென். ஆவியில் அவிப்பது டெம்ப்ஃபென், இட்லியை விளக்க இதுதான் சொல். தாளிப்பதற்கு ஒற்றைச் சொல் கிடையாது. சூடான எண்ணெயில் கடுகை வெடிக்கவிட்டுக் குழம்பில் கொட்டுவது என்று முழுவாக்கியமாகவே சொல்ல வேண்டும், என் அண்டை வீட்டாருக்கு ஒவ்வொரு முறையும் அப்படித்தான் சொல்கிறேன். வெட்டுவது ஷ்னைடென், தோலுரிப்பது ஷேலென், கிளறுவது ரீரென். ஏ1க்கு கொஹென், ப்ராடென், ஷ்னைடென் மூன்றும் போதும்.

சுவைகளுக்கு அறுசுவையையே சட்டமாக வைத்துக்கொள்ளலாம்: இனிப்பு ஸீஸ், புளிப்பு ஸௌவெர், கசப்பு பிட்டெர், உவர்ப்பு ஸல்ட்ஸிக், கார்ப்பு ஷார்ஃப், துவர்ப்புக்குக் கிட்டத்தட்ட ஹெர்ப். ஷார்ஃப் என்றால் கத்தியின் கூர்மையும்தான்.

மனப்பாடத்துக்கு இன்னொரு கொக்கி, நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன சொற்கள். டீ மங்கோ நம் மாங்காய், போர்த்துகீசியர் வழியாகப் போனது. கெர்ரி என்று அவர்கள் சொல்வது ஆங்கிலம் வழியாகப் போன கறி. பெர்லினில் 1949இல் ஹெர்டா ஹோய்வெர் என்ற பெண்மணி உருவாக்கியதாகச் சொல்லப்படும் கெர்ரிவுர்ஸ்ட்டில் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. டேர் ட்ஸுக்கெர், வடமொழிச் சர்க்கரா, நம் சர்க்கரை. டேர் ப்ஃபெஃபெர், மிளகு. மூலம் பிப்பலி, நம் திப்பிலி. இஞ்சிக்கு டேர் இங்வெர், காதில் விழும்போதே உறவு தெரிகிறது. இந்த ஐந்தையும் படித்த மாணவர் யாரும் மறந்து நான் பார்த்ததில்லை.

ஊருக்கு ஊர் பெயர் மாறும், அதற்காகக் கலங்க வேண்டாம். ப்ரேட்ஷென் என்று படித்தது பவேரியாவில் ஸெம்மெல், பெர்லினில் ஷ்ரிப்பெ, எங்கள் பக்கத்தில் வெக்லெ. ஆஸ்திரியாவில் தக்காளி பராடைஸெர், உருளைக்கிழங்கு ஏர்ட்அப்ஃபெல், மண்ணாப்பிள். 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது இப்படிப்பட்ட 23 உணவுச் சொற்களைத் தங்கள் பெயரிலேயே வழங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது ஆஸ்திரியா. தன் தக்காளிச் சொல்லுக்காக ஒரு நாடு அவ்வளவு பிடிவாதமாக நின்றது எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களுக்கு வேலை எந்த ஊரில் கிடைக்கிறதோ அந்த ஊர்ச் சொல்லைப் போன பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

உச்சரிப்பில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சமையலறைக்கான கிஷெ, தேவாலயத்துக்கான கிர்ஷெ, செர்ரிப் பழத்துக்கான கிர்ஷெ. கடைசி இரண்டையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது, ஆனால் ஒலி வேறு. செர்ரியில் நம் ஷ தான். சமையலறையிலும் தேவாலயத்திலும் வருவது வேறொன்று: 'ஹி' என்று மூச்சைவிடத் தொடங்கி, நாக்கின் நடுப்பகுதியை மேலண்ணத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், பாதியில் நிறுத்துங்கள். 'இஷ்' என்று நான் எழுதியிருக்கும் 'நான்' என்ற சொல்லிலும் அதே ஒலிதான். கண்ணாடி முன் பத்து நாள் செய்தால் வந்துவிடும்.

பரீட்சை பற்றி. ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கோய்தே நிறுவனத்தின் ஏ1 சொற்பட்டியல் மொத்தமே ஏறக்குறைய 650 சொற்கள்தான். பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் தலைப்பும் ஒரு சொல்லும் எழுதிய சீட்டு வரும். 'உணவும் பானமும்' அடிக்கடி வரும் தலைப்பு. சீட்டில் ஃப்ரீஷ்டிக் என்றிருந்தால் "வஸ் எஸ்ஸென் ஸீ ட்ஸும் ஃப்ரீஷ்டிக்?" என்று கேட்க வேண்டும். மூன்றாம் பகுதியில் படத்தைப் பார்த்து ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: "கேபென் ஸீ மீர் பிட்டெ ஐன் க்ளாஸ் வஸ்ஸெர்." இரண்டிலும் உங்களைக் காப்பாற்றப்போவது வினைதான். பெயர்ச்சொல்லைச் சீட்டே கொடுத்துவிடுகிறது.

இந்த வாரம் இப்படிச் செய்து பாருங்கள். புதுச் சொல் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறை சாப்பிட உட்காரும்போதும் தட்டில் இருப்பதைப் பார்த்து எஸ்ஸென், ட்ரிங்கென், நேமென், மெஷ்டெ, ஷ்மெக்கென் ஐந்திலும் ஒவ்வொரு வாக்கியம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இட்லிக்கு ஜெர்மன் தேட வேண்டாம், "இஷ் எஸ்ஸெ ட்ரை இட்லிஸ்" என்பதே சரியான ஜெர்மன். பாத்திரம் கழுவும்போது அவற்றையே இறந்தகாலத்துக்கு மாற்றுங்கள். சனிக்கிழமை, முந்தின இரவு சாப்பிட்டதை "கெஸ்டெர்ன் ஆபென்ட் ஹாபெ இஷ்" என்று தொடங்கி ஐந்து வாக்கியம் எழுதி அனுப்புங்கள். டேன் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துத் திருத்தித் தருகிறேன்.